முனீரா சாச்சி வாங்கிய சமையலறை

என் சாச்சி முனீரா தன் கையால் ஒரு செங்கல்லைக்கூட அடுக்கியதில்லை. படம் வரையவும் அவருக்கு வராது. அவர் பூனை வரைந்தால் என் தங்கை அதை ஆடு என்பாள். இருந்தாலும் சுவா சூ காங்கில் ஒரு பாலர் பள்ளியும் உட்லண்ட்ஸில் ஒரு மருந்தகமும் அவருடைய உழைப்பு இல்லாமல் எழுந்திருக்காது. ஒரு கட்டடத்தை எப்படி வாங்குவது என்று சொல்வதுதான் அவர் வேலை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சட்டை என்றால் கடையில் தொங்குகிறது. போட்டுப் பார்த்து வாங்கலாம். கட்டடத்தை அப்படி வாங்க முடியாது. வாங்க முடிவு செய்யும்போது அது இந்த உலகத்திலேயே இருக்காது. அதனால் யாரை முதலில் கூப்பிடுவது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வழி, கட்டடக் கலைஞரை வைத்து எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிட்டு, பிறகு ஏலக்குத்தகை விட்டு, அதாவது டெண்டர் கோரி, அந்தப் படத்தின்படி கட்டித் தர ஒரு குத்தகையாளரைத் தேடுவது. இன்னொரு வழி, வரைவதையும் கட்டுவதையும் ஒரே குத்தகையாளரிடம் மொத்தமாக விட்டுவிடுவது. வேறு வழிகளும் உண்டு, ஆனால் நான் சொல்லப்போவதற்கு இந்த இரண்டும் போதும்.

இதில் எது நல்லது என்று சாச்சியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. "யார் வாங்குறாங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. உட்லண்ட்ஸில் குடியிருக்கிறார். கட்டுமான வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி அடைப்பு போட்டு, அதில் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று ஒரு பலகை மாட்டியிருப்பார்கள் அல்லவா? ஊரில் எல்லோரும் அதைக் கடந்து போவார்கள். சாச்சி நின்று படிப்பார். அவர் கணவர் ஃபஹத் சாச்சா பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து, "முனீரா, மீன் கெட்டுப் போயிடும், வா லா" என்று கத்துவார். மெனுவைப் பார்த்து ருசி சொல்கிறவர்களைப்போல, பலகையில் உள்ள பெயர்களைப் பார்த்து அந்த வேலை எப்படி நடக்கும் என்று சாச்சி சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவர் அலுவலகத்தில் செய்த பெரிய வேலைகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எங்கள் சங்கத்துக்கு அவர் செய்ததைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

டிக்சன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் முஸ்லிம் நலச் சங்கத்துக்குச் சொந்தமாக ஈரடுக்குக் கடைவீடு ஒன்று இருக்கிறது. மாடியில் துணைப்பாட வகுப்பு. கீழே சமையலறை. நோன்பு மாதம் முழுக்க அங்கே கஞ்சி காய்ச்சுவார்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் சந்து முனைவரை வரிசை நிற்கும். கட்டுமான வேலைக்கு வந்த தமிழ்நாட்டுத் தம்பிகள், துணிக்கடைப் பெண்கள், மலாய்க்காரர்கள், நோன்பே இல்லாத பக்கத்துப் பூக்கடை அம்மா, எல்லோரும் தூக்குவாளியோடு வருவார்கள். ஒரு வருடம், நோன்புக்கு முந்திய வாரம் கூரை உத்தரம் ஒன்று தொய்ந்தது. உள்ளே யாரும் நுழையக் கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு கஞ்சி இல்லை. கதவில் பூட்டுதான் தொங்கியது.

முன்பக்கச் சுவர் பழமை காக்கப்பட வேண்டியது. அதைத் தொடக் கூடாது. உள்ளே எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். அடுத்த நோன்புக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கஞ்சியை ஒரு கேட்டரிங்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் டப்பாவில் அடைத்த கஞ்சி வேனில் வந்து இறங்கும். அடுப்பும் வரிசையும் அத்தோடு போய்விடும்.

சங்கத் தலைவர் அப்துல் முத்தலிப் மாமா. சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கிறார். தன்னைப் பார்க்க வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டார். கூட்டம் அவர் கடை மாடியில் நடந்தது. கட்டட வேலைக்கு யாரைப் போடுவது என்ற பேச்சு வந்ததும் அவர் ஒரே போடாகப் போட்டார்.

"வரையறதுக்கு ஒரு ஆளு, கட்டறதுக்கு ஒரு ஆளு, ரெண்டு பேருக்கும் நடுவுல நாம ஓடணுமா? எதுக்கு லா? எங்க மக ஹலீமா கல்யாணத்துக்கு என்ன செஞ்சோம்? பண்டாரிகிட்ட முழுசா கொடுத்தோம். அரிசி வாங்கறதும் அவர், ஆக்கறதும் அவர். நாம போய் உக்காந்து சாப்பிட்டோம். கட்டடமும் அப்படித்தான்."

பண்டாரி என்றால் எங்கள் கல்யாணங்களுக்கு ஆக்கிப் போடும் சமையல்காரர். அந்தக் கல்யாணத்துக்கு ஆக்கிய ஒலி முகம்மதுதான் சங்கத்தின் கஞ்சிக்கும் பொறுப்பு. கமிட்டி உறுப்பினராக அவரும் அங்கே வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல உதாரணம் மாமா," என்றார் சாச்சி. "ஒலி நானாகிட்ட என்ன ஆக்கச் சொன்னீங்க?"

"பிரியாணி."

"நாங்க வந்து என்ன சாப்பிட்டோம்?"

மாமா பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் யாரோ, "நெய்ச்சோறு!" என்றார்.

"அதுவும் அஸர் பாங்கு சொன்ன பிறகு!" என்றார் இன்னொருவர்.

கடை மாடியே சிரிப்பில் குலுங்கியது. கல்யாணத்தன்று காலையில் பினாங்கிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியதும், அவர்களுக்குக் காரம் ஆகாது என்று மாமா நேராக அடுப்படிக்குப் போய்ப் பிரியாணியை நெய்ச்சோறாக மாற்றச் சொன்னது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சம்பந்தி வீட்டார் பிரியாணிதான் கேட்டார்கள் என்பது பிறகு தெரியவந்தது.

"அன்னைக்குத் தாளிச்சு வெச்ச மசாலா இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிக்குது முதலாளி," என்றார் ஒலி முகம்மது, வடையை முடித்துவிட்டு.

"இப்ப என்னைக் கேலி பண்றதுக்கா கூட்டம்?" மாமாவின் முகம் சிவந்தது.

"கேலி இல்ல மாமா," என்றார் சாச்சி. "மொத்தமா ஒரே ஆள்கிட்ட விடறது நல்ல முறைதான். வேகமாவும் நடக்கும். ஆனா விட்ட பிறகு நாம வாயைத் தொறக்கக் கூடாது. நம்ம சங்கத்துல வாயைத் தொறக்காம யாரு இருப்பாங்க, சொல்லுங்க."

எல்லோரும் மாமாவைக் கைகாட்டினார்கள். மாமா அவர்களைக் கைகாட்டினார்.

"மனசு மாறறது தப்பில்ல," என்றார் சாச்சி. "வேண்டிய மட்டும் மாத்துவோம். ஆனா அதைப் பேப்பர்லயே மாத்தி முடிச்சிடுவோம். முதல்ல வரைஞ்சுடலாம். எல்லாரும் சண்டை போட்டு முடிச்ச பிறகு ஏலக்குத்தகை விடலாம். அதுக்குப் பிறகு குத்தகையாளர்கிட்ட ஒரு ஆள்தான் பேசணும்."

"வரையறதுக்கே மாசக்கணக்குல ஆகுமே! நோன்பு முதல் நாள் அடுப்பு எரியலன்னா?"

"எரியும் மாமா, இன்ஷா அல்லாஹ். எரியலன்னா கேட்டரிங்குக்கு விடறதுக்கு முதல் கை நான் தூக்கறேன்."

அன்று கைகளை எண்ணியபோது சாச்சியின் முறைக்கு ஒரு கைதான் அதிகமாக இருந்தது. அந்தக் கை ஒலி முகம்மதுவுடையது.

பிறகு வந்த மாதங்கள் சாச்சிக்குச் சுலபமாக இருக்கவில்லை. கட்டடக் கலைஞர் வரைந்துகொண்டே இருந்தார். சந்தில் ஒரு மூட்டை சிமெண்டு இறங்கவில்லை. பூட்டு துருப்பிடித்தது. தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனால், "என்னம்மா முனீரா, வீடு இன்னும் தூங்குதா?" என்று யாராவது கேட்டார்கள். அதே சமயத்தில் ஒரே ஆளிடம் விடப்பட்ட வேறொரு கடைவீடு இரண்டு தெரு தள்ளிக் கிடுகிடுவென எழுந்தது. முத்தலிப் மாமா சாச்சியை அந்த வழியாகவே நடத்திக் கூட்டிப்போவார். அங்கே நிற்பார். அண்ணாந்து மட்டும் பார்ப்பார்.

படம் முடிகிற நேரத்தில் சாச்சிக்கு வேறொரு கவலை பிடித்தது. கமிட்டியில் எல்லோரும் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தலையாட்டிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவங்க படத்தைப் பார்க்கல. சுவர் எழும்பறதைப் பார்க்கறதுக்குக் காத்திருக்காங்க. அப்பத்தான் இவங்களுக்கு யோசனை வரும்," என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் ஒரு காரியம் செய்தார். நகர மன்றத்தில் அனுமதி வாங்கி, தான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், புதிய சமையலறையை அதன் உண்மையான அளவிலேயே தரையில் வெள்ளை ஒட்டுநாடாவால் ஒட்டினார். இங்கே சுவர், இங்கே கதவு, இங்கே அடுப்பு, இங்கே கழுவுமிடம். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முழுவதும் உட்லண்ட்ஸுக்கு வந்தது; கட்டடக் கலைஞரும் வந்தார். ஒலி முகம்மது பெரிய கஞ்சித் தேக்சாவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது ஒரு ஆள் உள்ளே உட்காரக்கூடிய பாத்திரம். இரண்டு பேர் கம்பு கோத்துத்தான் தூக்க வேண்டும்.

"எல்லாரும் கதவு வழியா உள்ளே வாங்க. சுவரைத் தாண்டி யாரும் வரக் கூடாது," என்றார் சாச்சி.

பெரிய மனிதர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத கதவு வழியாக வரிசையாக நுழைந்தார்கள். மின்தூக்கிக்குக் காத்திருந்த சீனப் பாட்டி ஒருவர் மின்தூக்கியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அவ்வளவுதான், சண்டை தொடங்கியது.

"இந்தக் கதவு இங்க எதுக்கு? மழை நேரா அடுப்புல அடிக்கும்."

"வெட்டறவங்க எங்க நிப்பாங்க? என் தலை மேலயா?"

"யோவ், நீ நிக்கறது டாய்லெட்டு!"

"சின்னப் புள்ளைங்க மாடிக்குப் போற படியும் கொதிக்கற கஞ்சி வர வழியும் ஒண்ணா?"

கடைசியாகக் கேட்டது முத்தலிப் மாமாதான். அது நல்ல கேள்வி. கட்டடக் கலைஞர் உடனே மாடிப்படியை முன்பக்கத்துக்கு மாற்றுவதாகச் சொன்னார். சாச்சி குனிந்து நாடாவை உரித்து வேறு இடத்தில் ஒட்டினார். மாமா அடுப்பை இடம் மாற்றச் சொன்னார். பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். பிறகு கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். சாச்சி ஒவ்வொரு முறையும் முகம் கோணாமல் உரித்து ஒட்டினார். தேக்சாவைத் தூக்கிக்கொண்டு இருவர் அடுப்பிலிருந்து வாசல்வரை நடந்து பார்த்தார்கள். முதல் முறை கம்பின் முனை சுவர் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியது. வழி அகலமானது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் போகவில்லை.

கடைசியில் கேட்பதற்கு யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. வழக்கப்படி நல்ல காரியம் முடிவானதற்கு எல்லோருமாக அந்த நாடாவுக்குள்ளேயே நின்று பாத்திஹா ஓதினார்கள். மாமா வாங்கி வந்த அல்வாவைச் சீனப் பாட்டிக்கும் கொடுத்தார்கள்.

"ஓதி முடிச்சாச்சு," என்றார் சாச்சி. "இனிமே மாத்தணும்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் கட்டடக் கலைஞர்கிட்ட பேசறேன், அவங்கதான் குத்தகையாளருக்குச் சொல்லுவாங்க. வேலையாட்கள்கிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சலாம்கூடச் சொல்லக் கூடாதா?" என்றார் மாமா.

"சலாம் சொல்லலாம்."

ஏலக்குத்தகை விட்டு, குத்தகையாளர் வந்து, வேலை தொடங்கியது. தாமதமாகத் தொடங்கிய வேலை வேகமாக நடந்தது. எதைக் கட்டுவது என்பதில் சந்தேகமே இல்லாததால் ஆட்கள் எதற்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வேலைக்குக் குத்தகையாளர் அனுப்பிய மேற்பார்வையாளர் அசோக், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வேகமான கடைவீட்டில், உரிமையாளர் நடுவில் எதையோ மாற்றச் சொன்னதால் வேலை நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டோம். மாமா அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்.

நோன்பு நெருங்கிய ஒரு சனிக்கிழமை சாச்சி உள்ளே போனபோது, அடுப்பிலிருந்து வாசலுக்குப் போகும் வழியில் ஒரு சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வழிக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

"அசோக், இது யார் சொன்னது?"

அசோக் தலைக்கவசத்தைக் கழற்றினார். "பெரியவர் சொன்னாருங்க மேடம். டீயும் வடையும் வாங்கிட்டு வந்தாரு. வர்றவங்க உக்கார அந்தப் பக்கம் ஒரு திண்டு வைக்கணும், சுவரைக் கொஞ்சம் தள்ளுப்பான்னாரு. எங்க அப்பா வயசு. தமிழ்ல அன்பாப் பேசறாரு. அவர்கிட்ட எப்படி மேடம் மாட்டேன்னு சொல்றது?"

சாச்சி அசோக்கைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். இடித்துக் கட்டினால் பல நாள் வீணாகும், நாள்கள் மிச்சமில்லை. இடிக்காமல் விட்டால் நோன்புக்குள் வேலை முடியும், ஆனால் கொதிக்கும் தேக்சா அந்த வழியாகப் போக முடியாது. அடுப்பு எரியும் என்று அவர் சொல்லியிருந்தார். எரிந்த பிறகு கஞ்சி வெளியே வர வேண்டுமே!

மாமாவைத் தொலைபேசியில் அழைத்தார். மாமா வந்தார்.

"ஒரு முழம்தானே புள்ள. வந்தவங்களை நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது மாமா. கொஞ்சம் அந்தப் பக்கம் கம்பைப் பிடிங்க."

மூலையில் வைத்திருந்த காலித் தேக்சாவுக்கு ஒரு பக்கம் சாச்சி, மறுபக்கம் மாமா. அசோக் பதறி, "நான் தூக்கறேன் மேடம்" என்று ஓடி வந்தார். சாச்சி விடவில்லை. அடுப்படியிலிருந்து இருவரும் நடந்தார்கள். புதுச் சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் பாத்திரம் சாய்ந்தது. மாமாவின் விரல் முட்டி செங்கல்லில் உராய்ந்தது.

"ஸ்ஸ்... அல்லாஹ்!"

"இது காலிப் பாத்திரம்," என்றார் சாச்சி.

மாமா முட்டியை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, "அசோக், இடிச்சிடுப்பா" என்றார்.

"மாமா, அசோக்கிட்ட சொல்லக் கூடாது."

"அட, இடிக்கத்தானே சொல்றேன்!"

"இடிக்கறதும் மாத்தம்தான். என்கிட்ட சொல்லுங்க."

"அவன் இங்கதானே நிக்கிறான்! காதுல விழுதே!"

"விழட்டும்."

மாமா பெருமூச்சு விட்டார். சாச்சியின் பக்கம் முழுவதுமாகத் திரும்பி, மேடையில் பேசுகிறவரைப்போல் நின்று, "முனீரா, அந்தச் சுவரைப் பழைய இடத்துக்கே மாத்தணும்னு தலைவர் விரும்பறாரு" என்றார்.

சாச்சி அந்த இடத்திலேயே கட்டடக் கலைஞரை அழைத்தார். கட்டடக் கலைஞர் குத்தகையாளரை அழைத்தார். கொஞ்ச நேரத்தில் அசோக்கின் தொலைபேசி ஒலித்தது. ஒரு கை தூரத்தில் நின்ற மாமாவின் வார்த்தை ஊரைச் சுற்றி அசோக்கிடம் வந்து சேர்ந்தது. அதுவரை அசோக் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுத்தியலைத் தொடாமல் நின்றார். அழைப்பு வந்ததும் முதல் அடி அடித்தார்.

வீணான நாள்களை அசோக்கின் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஈடுகட்டினார்கள். மாமா தினமும் டீ வாங்கிக்கொண்டு போனார். சலாம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஒருநாள் வாயைத் திறந்தவர் சாச்சியை நினைத்துக்கொண்டு, வடையை உள்ளே போட்டு மூடிக்கொண்டார் என்று அசோக் சொன்னார்.

நோன்பின் முதல் நாள் அடுப்பு எரிந்தது. மாடியில் பெயின்ட் வாசம் போகவில்லை, ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடியும் வரவில்லை. ஆனால் கஞ்சி வாசம் சந்து முழுக்க இருந்தது. அஸர் முடிந்ததும் வரிசை முனை திரும்பி டிக்சன் ரோடுவரை போனது. பூக்கடை அம்மா தூக்குவாளியோடு முதலில் நின்றார். அசோக்கும் அவர் ஆட்களும் குளித்து வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள்.

மாமா நிவேதிதா என்ற பெண்மணியையும் அழைத்திருந்தார். காத்தோங்கில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றை நடத்துகிறவர்; புதிதாகக் கட்டப் போகிறவர். மாமா அவருக்குச் சமையலறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தார்.

"முதல்ல முழுசா வரைஞ்சுடணும்மா. அப்புறம்தான் கட்டறவரைத் தேடணும். நடுவுல ஒரு ஆள்தான் பேசணும். ஒரே ஆள்கிட்ட மொத்தமா விட்டீங்க, தொலைஞ்சீங்க. இது எங்க முனீரா முறை. உலகத்துல எங்க வேணும்னாலும் செல்லும்." அவர் சொன்ன தோரணையில் அந்த முறையை அவரே பெற்று வளர்த்ததுபோல இருந்தது.

நிவேதிதா சாச்சியைப் பார்த்து, "அப்படியே செஞ்சிடலாமா முனீரா?" என்றார்.

"யார் வாங்குறாங்க?" என்று கேட்டார் சாச்சி.

"நாங்க மூணு பேர்தான். காலி நிலம். பாசிர் ரிஸ்ல ஒரு இல்லம் பார்த்தோம், அதே மாதிரி வேணும். போன வருஷமே முடிவு பண்ணிட்டோம், ஒண்ணும் மாறல."

"அப்போ ஒரே ஆள்கிட்ட மொத்தமா விட்டுடுங்க. உங்களுக்கு அதுதான் சரி."

மாமா சட்டென்று சாச்சியின் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள இது! அன்னைக்கு எனக்கு மட்டும் வேற மாதிரி சொன்ன?"

"அவங்க அடுப்படிக்குப் போய் நெய்ச்சோறு கேக்க மாட்டாங்க மாமா."

உள்ளே ஒலி முகம்மது சிரித்த சிரிப்பு வெளியே வரிசைவரைக்கும் கேட்டது. "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டு அவரும் இன்னொருவரும் கம்பைத் தோளில் ஏற்றினார்கள். ததும்பத் ததும்ப இருந்த தேக்சா அடுப்படியிலிருந்து புறப்பட்டு, இரண்டு பக்கச் சுவரையும் தொடாமல், வாசலைக் கடந்து வெளியே வந்தது.